மக்காச்சோளத்துக்கு எப்போது தண்ணீர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீரிய ஒட்டு மக்காச்சோளத்தின் பாசனம் குறித்து வந்த கடிதங்களில், தண்ணீரின் அளவைப் பற்றிய கேள்விகளைவிட அதைக் கொடுக்க வேண்டிய காலத்தைப் பற்றிய கேள்விகளே இம்முறை மிகுதி. இந்தப் பயிரைப் பொறுத்தவரை அதுவே சரியான அக்கறை என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இரண்டு வயல்களில் ஒரே இரக வீரிய ஒட்டு விதையை ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு உரமிட்டேன். பூக்கும் சமயத்தில் மோட்டார் பழுதானதால் ஒரு வயலுக்கு மட்டும் ஒரு தண்ணீர் தவறி, மண் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டது. பிறகு கூடுதலாகவே பாய்ச்சினேன். செடியும் பச்சை கட்டித் தேறிவிட்டது. ஆனால் அறுவடையில் அந்த வயலின் கதிர்களில் பாதிக்கு மேல் மணி இல்லை. ஒரே ஒரு தண்ணீர் தவறியதற்கு இவ்வளவு இழப்பு வருமா?

பதில்: வரும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வேறு காரணம் தேட வேண்டிய தேவை இருப்பதாகத் தெரியவில்லை. மக்காச்சோளத்தின் ஆயுளில் தண்ணீர்க் குறைவை அறவே பொறுக்காத நாட்கள், குஞ்சம் வெளிவருவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு தொடங்கி, பட்டு இழை விட்டு இரண்டு வாரம் ஆகும் வரை நீள்கின்றன. உங்கள் மோட்டார் அந்த நாட்களில் நின்றுவிட்டது.

இந்தப் பயிரில் ஆண் பூ செடியின் உச்சியில் குஞ்சமாகவும், பெண் பூ நடுத்தண்டின் கணுவில் கதிராகவும் தனித்தனியே அமைந்திருக்கின்றன. கதிரிலுள்ள ஒவ்வொரு சூலுக்கும் தனித்தனியாக ஒரு பட்டு இழை உண்டு. அந்த இழை உறையைக் கடந்து வெளியே வந்து மகரந்தத்தைப் பெற்றால்தான் அந்தச் சூல் மணியாகும். பெறாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே நின்றுவிடும். இழைகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. கதிரின் அடிப்பகுதிச் சூல்களின் இழைகள் முதலில் வெளிவருகின்றன. நுனிப்பகுதியின் இழைகள் கடைசியில், சில நாட்கள் கழித்தே தலைகாட்டுகின்றன. ஈரம் போதுமானதாக இருந்தால் ஓர் இழை நாளொன்றுக்கு 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை நீளும். இந்த நீட்சி பெரும்பாலும் செல்கள் நீரை உறிஞ்சி விரிவதால் நிகழ்வது என்பதால், செடியில் நீர் குறைந்தவுடன் முதலில் தடைபடுவது இழையின் வளர்ச்சிதான். குஞ்சமோ நீர்க் குறைவிலும் ஏறக்குறைய தன் நேரத்துக்கு விரிந்து, ஒரு வாரம் அளவில் மகரந்தத்தை உதிர்த்து முடித்துவிடும். இழை தாமதமாக வரும்போது வயலில் மகரந்தம் தீர்ந்துபோயிருக்கும். கதிர் நுனியில் மணி இல்லாமல் போவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. மகரந்தம் கிடைத்துக் கருவுற்ற பின்னும், முதல் இரண்டு வாரங்களில் இளஞ்சூல்கள் கலைந்துபோவது உண்டு. நீர்க் குறைவில் இலைத் துளைகள் மூடிக்கொள்வதால் ஒளிச்சேர்க்கை சுருங்கி, அன்றன்றைக்கு இலையிலிருந்து வர வேண்டிய சர்க்கரை கதிருக்கு வந்து சேர்வதில்லை. இளஞ்சூல்களிடமோ சேமிப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. 1991-இல் வெளியான ஓர் ஆய்வில் பாயில், பாயர், மார்கன் ஆகியோர் பூக்கும் தருணத்தில் நீரின்றி வாடிய மக்காச்சோளச் செடிகளின் தண்டுக்குள் சர்க்கரையும் சத்துக்களும் கலந்த திரவத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். செடி வாடிய நிலையிலேயே இருந்தும், அந்தக் கதிர்களில் கணிசமான மணிகள் நிலைத்தன. வெறுமனே வாட விடப்பட்ட செடிகளிலோ மணிகள் பெரும்பாலும் கலைந்துபோயின. தாகத்தோடு சேர்ந்து பட்டினியும் கதிரைக் கெடுக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை வேறொன்று எனக்கு நினைவில்லை.

இழப்பின் அளவைப் பற்றிய பழைய கணக்குகளும் உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகின்றன. குஞ்சம் விடும் காலத்தில் ஓரிரு நாள் வாடியதற்கே 22 சதவீதமும், ஆறு முதல் எட்டு நாள் வாடியதற்கு ஏறத்தாழ 50 சதவீதமும் விளைச்சல் குறைந்ததாக ராபின்ஸ், டொமிங்கோ ஆகியோர் 1953-இல் எழுதினார்கள். அமெரிக்காவின் அயோவாவில் டென்மீட், ஷா ஆகியோர் 1960-இல் வெளியிட்ட ஆய்வில், நீர்க் குறைவு இழை விடுவதற்கு முன் வந்தால் 25 சதவீதமும், இழை விடும்போது வந்தால் 50 சதவீதமும், அதற்குப் பின் வந்தால் 21 சதவீதமும் இழப்பு ஏற்பட்டது. பிறகு கூடுதலாகப் பாய்ச்சிய தண்ணீர் ஏன் பயன்படவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இலையும் தண்டும் தேறிவிடும். கலைந்த சூல் திரும்ப வராது. எஞ்சிய மணிகள் சற்றுப் பருமனாகலாம், அவ்வளவே.

வீரிய ஒட்டு இரகங்களில் இந்தக் கேடு கூர்மையாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாட்டு இரகங்களில் செடிக்குச் செடி பூக்கும் நாள் மாறுபடுவதால், ஒரு வாரத்து வறட்சி சில செடிகளைத் தாக்கினாலும் மற்றவை தப்பித்துக்கொள்ளும். ஒட்டு விதையில் செடிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே தன்மையுடையவை; வயல் முழுவதும் சில நாட்களுக்குள் பூத்து முடிக்கிறது. அந்தச் சில நாட்களில் ஈரம் இருந்தால் வயல் முழுவதும் பிழைக்கிறது, இல்லாவிட்டால் வயல் முழுவதும் அடிபடுகிறது. குஞ்சத்துக்கும் இழைக்கும் இடையிலான நாள் இடைவெளி குறைவாக உள்ள செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, வறட்சியைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் வகைகளை மெக்சிகோவிலுள்ள சிம்மிட் என்னும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையம் உருவாக்கியது உண்மை. அத்தகைய இரகங்களிலும் ஆபத்தின் அளவு குறைகிறதே தவிர, பூக்கும் காலத்தின் முதன்மை குறைவதில்லை.

அடுத்த முறை கருவுறுதல் எப்படி நடந்திருக்கிறது என்பதை அறுவடை வரை காத்திராமல் நீங்களே பார்த்துவிடலாம். இழை வந்து ஒரு வாரத்துக்குப் பின் வயலின் பல இடங்களிலிருந்து சில கதிர்களைப் பறித்து, இழைகள் அறுந்துவிடாதபடி உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி மெல்ல உரித்துவிட்டு, கதிரை அடிப்பக்கம் பிடித்து இலேசாக உதறுங்கள். கருவுற்ற சூலின் இழை தானே கழன்று விழும். கருவுறாத சூலின் இழை ஒட்டிக்கொண்டே இருக்கும். இழைகள் எல்லாம் உதிர்ந்தும், பத்து நாள் கழித்துப் பறிக்கும் கதிரின் நுனியில் சுருங்கிய வெள்ளை மணிகள் தென்பட்டால், மகரந்தத்தில் குறையில்லை, மணிகள் பின்னால் கலைந்தன என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்தறிந்தால், தண்ணீர் தவறியது இழை வருவதற்கு முன்பா பின்பா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: இளம் பயிரைச் சில நாள் வாட விட்டால் வேர் ஆழமாகப் போகும், பின்னால் வறட்சியைத் தாங்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு காலம் வாட விடலாம்?

பதில்: இந்தக் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதி ஆபத்தானது. வேர் தண்ணீரைத் தேடிக் காய்ந்த மண்ணுக்குள் நுழைந்து செல்வதில்லை. கீழ் மண்ணில் ஏற்கெனவே ஈரம் இருந்து, மேல் மண் மெல்ல உலரும்போதுதான் வேர் கீழ்நோக்கி இறங்குகிறது. ஆகவே விதைப்பின்போது மண்ணை ஆழமாக நனைத்துவிட்டு, முளைத்த பின் அடிக்கடி சிறு சிறு தண்ணீராகக் கொடுக்காமல் இடைவெளி விடுவது நல்ல பழக்கம். மேல் மண்ணை மட்டும் நனைத்துக்கொண்டே இருந்தால் வேர் மேலேயே படர்ந்து, பூக்கும் சமயத்தில் ஒரு தண்ணீர் தள்ளிப்போனாலும் பயிர் சுருண்டுவிடும்.

ஆனால் இந்தத் தளர்வுக்கு எல்லை உண்டு. விதை முளைப்பதற்குத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீரை உறிஞ்ச வேண்டியிருப்பதால், விதைத்தவுடன் ஒரு தண்ணீரும், மூன்றாம் அல்லது நான்காம் நாள் உயிர்த் தண்ணீரும் தவறக்கூடாது. இதில் ஈரம் சீராக இல்லாமல் போனால் சில விதைகள் பிந்தி முளைக்கும். பிந்தி முளைத்த செடி பக்கத்துச் செடியின் நிழலில் நின்று, உரத்தையும் நீரையும் எடுத்துக்கொண்டு, கதிர் மட்டும் தராமல் போகும். உயிர்த் தண்ணீருக்குப் பின், ஐந்து, ஆறு இலைகள் விரியும் வரை பயிரின் தேவை மிகக் குறைவு. இலைப்பரப்பு சிறியதாக இருக்கும் அந்தக் காலத்தில் தண்ணீரை மிச்சப்படுத்தலாம்.

ஆறு இலைகளுக்குப் பின் நிலைமை மாறுகிறது. கதிரில் எத்தனை வரிசை மணிகள் என்பது ஏறத்தாழ ஏழு, எட்டு இலைப் பருவத்திலேயே முடிவாகத் தொடங்குகிறது. வரிசைகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் இரகத்தின் மரபுக்கூறுகளே தீர்மானிக்கின்றன என்பதால் நீர்க் குறைவு அதை அதிகம் பாதிப்பதில்லை. ஒரு வரிசையில் எத்தனை சூல்கள் என்பதோ பன்னிரண்டு இலைப் பருவம் முதல் இழை வருவதற்கு ஒரு வாரம் முன்பு வரையிலான காலத்தில் நிர்ணயமாகிறது. அது சூழலுக்கு மிகவும் கட்டுப்பட்டது. செடி வெறும் தழையாக நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரியும் அந்த வாரங்களில், தண்டுக்குள் கதிரின் நீளம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. எனவே வாட விடுவதாக இருந்தால் முழங்கால் உயரத்துக்கு முன்பே. அதன் பின் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒரு முறை பாய்ச்சுவது? ஒருவர் ஏழு நாள் என்கிறார், ஒருவர் பத்து நாள் என்கிறார், மணல் நிலத்துக்காரர் மூன்று நாள் என்கிறார்.

பதில்: மூவரும் தத்தம் மண்ணைப் பற்றிச் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். இதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். உங்கள் நிலத்துக்கு நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மீட்டர் ஆழமுள்ள மண்ணில் பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க நீர், மணல் பாங்கான மண்ணில் ஏறத்தாழ 60 மில்லிமீட்டரும், நடுத்தர வண்டல் மண்ணில் 140 மில்லிமீட்டரும், களிமண்ணில் 200 மில்லிமீட்டரும் ஆகும். மக்காச்சோள வேர் ஒரு மீட்டருக்கும் கீழே செல்லக்கூடியது என்றாலும், நீரின் பெரும்பகுதியை மேலுள்ள 60 சென்டிமீட்டரிலிருந்தே எடுக்கிறது என்று கொள்வோம். அதில் பாதி தீர்ந்ததும் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். அப்படியானால் பயிர் வாடாமல் பயன்படுத்தக்கூடிய நீர் மணலில் 18, வண்டலில் 42, களியில் 60 மில்லிமீட்டர். குஞ்சம் விடும் காலத்தில், நல்ல வெயில் நாளில், முழு இலைப்பரப்போடு நிற்கும் பயிர் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீரைச் செலவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், மணலில் மூன்று நாளிலும் வண்டலில் ஏழு நாளிலும் களியில் பத்து நாளிலும் அது தீர்ந்துவிடும். காற்றும் வெப்பமும் மிகுந்து தினச் செலவு 8 மில்லிமீட்டராக உயர்ந்தால், வண்டலிலும் ஐந்து நாள்தான் தாங்கும்.

இளம் பயிரின் தினச் செலவு இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விதைப்பு முதல் அறுவடை வரை ஒரே இடைவெளியில் பாய்ச்சுகிறவர் முதல் மாதத்தில் தண்ணீரை வீணாக்கிவிட்டு, இரண்டாம் மாதத்தில் பயிரைத் தாகத்தில் நிறுத்துகிறார். பயிரின் பருவத்துக்கேற்ப இடைவெளியை மாற்றுகிறவர் மொத்தக் கணக்கில் இவரளவே தண்ணீர் செலவிட்டிருந்தாலும், அவருடைய களத்தில் மணி கூடுதலாக இருக்கும். நடுத்தர வயதுடைய தானிய இரகத்தின் மொத்தத் தேவை தட்பவெப்பத்தைப் பொறுத்து 500 முதல் 800 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு குறிப்பிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் என்பது எக்டேருக்கு 10,000 லிட்டர், ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். உங்கள் மோட்டார் ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் இறைக்கிறது என்பது தெரிந்திருந்தால், எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பதும் கணக்கில் வந்துவிடும். பார்சாலில், அதாவது மேட்டு வரிசைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் பாய்ச்சும்போது, வழியில் இழக்கும் நீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கோடு கண்ணும் கையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. பார் அடியில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண்ணைத் தோண்டி எடுத்துப் பிடித்துப் பாருங்கள். வண்டலிலும் களியிலும் மண் உருண்டையாக நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. உதிர்ந்துவிட்டால் பாசனம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. நண்பகலில் இலை சற்றுச் சுருண்டு மாலையில் விரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. காலை எட்டு, ஒன்பது மணிக்கே இலை குழல்போல் சுருண்டிருந்தால், இரவு முழுவதும் கிடைத்த அவகாசத்தில்கூட வேரால் இழந்த நீரை மீட்க முடியவில்லை என்று அறிந்து, அன்றே பாய்ச்சிவிடுங்கள். பூக்கும் காலத்தில் இலை சுருளும் வரை காத்திருப்பதே தவறு.

சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் இந்த இடைவெளிக் கணக்கைப் பின்பற்ற வேண்டியதில்லை. முந்தைய நாள் செலவானதை மறுநாளோ ஒன்றுவிட்ட நாளோ ஈடுசெய்வதுதான் அதன் பயன். ஆனால் சொட்டுநீரில் வேர் ஈரவட்டத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால், மின்தடையோ அடைப்போ வந்து இரண்டு, மூன்று நாள் நின்றால், பார்சால் பயிரைவிட அது விரைவாகத் துன்புறும் என்பதை மறக்கக்கூடாது.

கேள்வி: பயிர் 45 நாள் ஆகிறது. கிணற்றில் உள்ள நீர் இன்னும் இரண்டு பாசனத்துக்கு மட்டுமே போதும். மழை வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. எந்த நாட்களில் கொடுப்பது? கையேட்டில் 50-ஆம் நாளும் 65-ஆம் நாளும் என்று போட்டிருக்கிறது.

பதில்: உங்கள் நிலை வருத்தத்துக்குரியது, ஆனால் கையில் இருக்கும் இரண்டு தண்ணீரால் இன்னும் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடியும். முதலில் நாள் எண்ணுவதை விட்டுவிடுங்கள். மக்காச்சோளம் தேதியைப் பார்த்துப் பூப்பதில்லை. சேர்ந்த வெப்பத்தைப் பொறுத்தே பூக்கிறது. குளிர் காலத்தில் அதே இரகம் பல நாட்கள் தாமதமாகப் பூக்கும், கோடையில் முந்திக்கொள்ளும். குறுகிய கால இரகத்துக்கும் நீண்ட கால இரகத்துக்கும் உள்ள வேறுபாடு தனி. ஆகவே செடியைப் பாருங்கள். நான்கைந்து செடிகளின் குருத்தை விரித்துப் பார்த்து, குஞ்சம் உள்ளே திரண்டு இரண்டு, மூன்று நாளில் வெளிவரும் நிலையில் இருந்தால் முதல் தண்ணீரைக் கொடுங்கள். அது மகரந்தம் உதிரும் நாட்களிலும் இழை நீளும் நாட்களிலும் வேரடியில் ஈரமாக நிற்கும். இழைகள் பழுப்பாகி, மணிகள் நீர்க்கொப்புளம் போன்ற நிலையிலிருந்து பால் பிடிக்கத் தொடங்கும்போது, அதாவது முதல் தண்ணீருக்கு இரண்டு வாரத்தை ஒட்டி, இரண்டாவது தண்ணீரைக் கொடுங்கள். மணல் பாங்கான நிலமானால் இவ்வளவு இடைவெளியை மண் தாங்காது. அங்கே ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சி, இரண்டு தண்ணீரை மூன்று, நான்கு சிறு தண்ணீராகப் பிரித்து, இழை வரும் நாட்களைச் சுற்றியே அனைத்தையும் செலவிடுங்கள்.

நிலம் பெரிதாக இருந்து நீர் அதற்குப் போதாது என்றால், மனத்துக்குக் கடினமான ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கும். உணவு, வேளாண்மை அமைப்பு 1979-இல் வெளியிட்ட கணக்கின்படி, இலை வளரும் பருவத்தில் நீர்த் தேவையில் 10 சதவீதம் குறைந்தால் விளைச்சல் 4 சதவீதம் குறைகிறது. பூக்கும் பருவத்தில் அதே குறைவுக்கு 15 சதவீதம். மணி நிரம்பும் பருவத்தில் 5 சதவீதம். முற்றும் பருவத்தில் 2 சதவீதம். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர்க் குறைவைவிட விளைச்சல் இழப்பு பெரிது என்பதைக் கவனியுங்கள். இதன் பொருள், அந்தப் பருவத்தில் வயல் முழுவதற்கும் அரைத் தண்ணீரைப் பங்கிடுவதைவிட, ஒரு பகுதிக்கு முழுத் தண்ணீர் கொடுத்து மறு பகுதியைக் கைவிடுவதே மொத்தத்தில் கூடுதல் தானியம் தரும் என்பதுதான். கைவிடும் பகுதியைப் பச்சையாக இருக்கும்போதே தீவனத்துக்கு அறுக்கலாம். ஆனால் வறட்சியில் வாடிய செடியின் அடித்தண்டில், தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட் தேங்கி நிற்கும். அது கால்நடைக்கு நஞ்சாகக்கூடும். தரையிலிருந்து ஒரு முழம் விட்டு மேலே அறுப்பதும், வாடிய பயிருக்கு மழை பெய்த கையோடு அறுக்காமல் சில நாள் பொறுப்பதும், ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்திக் கொடுப்பதும் அந்த ஆபத்தைக் குறைக்கும்.

கேள்வி: பயிர் முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்தபோது பெய்த கனமழையில் மூன்று நாள் வயலில் தண்ணீர் நின்றது. அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. பயிர் தேறுமா? தண்ணீர் கொடுப்பதைத் தொடரலாமா?

பதில்: நீர்க் குறைவைப் போலவே நீர்த் தேக்கத்தையும் மக்காச்சோளம் பொறுக்காது, அதிலும் இளம் பருவத்தில். ஏறத்தாழ ஆறு இலைகள் விரியும் வரை இதன் வளர்நுனி மண்ணுக்குக் கீழேயே இருக்கிறது. மண்ணில் நீர் நிறைந்தால் ஓரிரு நாளில் அங்கிருக்கும் உயிர்வளி தீர்ந்து, வேரும் வளர்நுனியும் மூச்சுத் திணறுகின்றன. வெப்பமான நாட்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். தண்டைத் தரைமட்டத்துக்குக் கீழே நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வளர்நுனி வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் செடி பிழைக்கும். பழுப்பாகிக் குழைந்திருந்தால் பிழைக்காது.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் தழைச்சத்து இழப்பு. நீர் தேங்கிய மண்ணில் நைட்ரேட்டின் ஒரு பகுதி வளியாக மாறிப் போய்விடுகிறது, இன்னொரு பகுதி ஆழத்துக்குக் கரைந்து இறங்கிவிடுகிறது. தண்ணீரை வடித்து, மண் கால் பதியாத அளவுக்கு உலர்ந்ததும் களைகொத்தால் கிளறிக் காற்றோட்டம் ஏற்படுத்தி, அடுத்த தவணைத் தழைச்சத்தைச் சற்று முன்கூட்டியே இட்டு மண் அணையுங்கள். மேல் மண் காய்ந்ததுபோல் தெரிகிறதே என்று அவசரப்பட்டுப் பாய்ச்ச வேண்டாம். கீழே ஈரம் மிகுதியாகவே இருக்கும். அதே சமயம் ஆழத்திலிருந்த வேர்கள் அழுகியிருக்கும் என்பதால், இந்தப் பயிருக்குப் பிற்காலத்தில் வறட்சியைத் தாங்கும் வலிமை குறைவு. பூக்கும் காலத்தில் மற்ற வயல்களைவிட இதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே தண்ணீர் கொடுக்கத் திட்டமிடுங்கள்.

கேள்வி: மேலுரம் இட்ட பின் தண்ணீரா, தண்ணீருக்குப் பின் மேலுரமா?

பதில்: ஈரமுள்ள மண்ணில் உரத்தை வைத்து மூடி, அதன் பின் மிதமாக ஒரு தண்ணீர். யூரியா மேற்பரப்பில் கிடந்தால் அம்மோனியாவாக ஆவியாகும். மிகுதியாகப் பாய்ச்சினால் வேருக்குக் கீழே இறங்கிவிடும், மணலில் அது நிச்சயம். காய்ந்த மண்ணில் உரம் மட்டும் இட்டு நீரின்றி விடுவதால் பயனில்லை, ஏனெனில் தழைச்சத்து வேரை அடைவது பெரும்பாலும் வேர் உறிஞ்சும் நீரோடு சேர்ந்துதான்.

கேள்வி: பூக்கும் காலத்தில் தெளிப்புநீர் போட்டால் மகரந்தம் கழுவிச் செல்லப்பட்டுவிடும் என்ற அச்சம் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே வேண்டாம், நிறுத்துவதால் வரும் இழப்பு மிகப் பெரிது. குஞ்சம் நனைந்திருக்கும்போது மகரந்தப் பைகள் திறப்பதில்லை, உலர்ந்த பின் திறக்கின்றன. உதிர்வு பெரும்பாலும் காலைப் பனி உலர்ந்த பின் முற்பகலில் நடப்பதால், மாலையிலோ இரவிலோ தெளிப்பானை இயக்கினால் போதும்.

கேள்வி: கடைசித் தண்ணீர் எது? உறை காயத் தொடங்கியதும் நிறுத்திவிடுவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் கடந்த பருவத்தில் மணி எடையில்லாமல் போனதோடு செடிகளும் அடியில் ஒடிந்து சாய்ந்தன.

பதில்: உறையின் நிறத்தை நம்பி நிறுத்துவது பல வயல்களில் ஒரு தண்ணீர் முன்னதாக நிறுத்துவதாக முடிகிறது. உறை வெளுத்த பிறகும் உள்ளே மணி எடை ஏறிக்கொண்டிருக்கலாம். கதிரை நடுவில் ஒடித்து, நுனிப் பக்கத்துத் துண்டின் முறிந்த முகத்தைப் பாருங்கள். மணியின் மேற்பகுதி கெட்டியாகவும் அடிப்பகுதி பாலாகவும் இருக்க, இரண்டுக்கும் இடையே ஒரு கோடு தெரியும். மணியின் உச்சியில் குழி விழுந்ததும் தோன்றும் இந்தப் பால்கோடு, நாளாக ஆக அடியை நோக்கி இறங்கும். கோடு பாதி தூரம் இறங்கியிருக்கும்போது மணியின் எடையில் பெரும்பகுதி சேர்ந்துவிட்டாலும், இன்னும் ஏறத்தாழ இரண்டு வாரத் தேவை, மண்ணிலுள்ள ஈரத்தையும் சேர்த்து 50 முதல் 60 மில்லிமீட்டர் அளவுக்கு, மீதம் இருக்கிறது. களி, வண்டல் நிலங்களில் அந்தச் சமயத்தில் மண் நனைந்திருந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். மணல் நிலத்தில் இன்னும் ஒன்றோ இரண்டோ இலேசான தண்ணீர் தேவைப்படும்.

செடிகள் ஒடிந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும். மணி நிரம்பும் காலத்தில் நீர் குறைந்து இலைகள் வேலையைக் குறைத்துக்கொண்டால், செடி தண்டில் சேமித்த சர்க்கரையை எடுத்துக் கதிருக்கு அனுப்புகிறது. வெறுமையான தண்டில் அழுகல் பூசணங்கள் எளிதில் குடியேறுகின்றன. ஒடிந்த தண்டை அடிக்கணுவில் பிளந்து பாருங்கள். உள்ளே நார் நாராகப் பிரிந்து, அவற்றின் மேல் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தூவியதுபோல் இருந்தால் அது கரியழுகல். வெப்பத்தோடு பூக்கும் காலத்துக்குப் பிந்தைய வறட்சியும் சேரும் வயல்களில்தான் அது மிகுதியாக வருகிறது. மண்ணில் தங்கிவிடும் பூசணம் என்பதால் மருந்தடித்துக் கட்டுப்படுத்துவது கடினம்; மணி நிரம்பும் வாரங்களில் ஈரம் குறையாமல் காப்பதும், பாதித்த வயலில் மீண்டும் மீண்டும் மக்காச்சோளமே போடாமல் மாற்றுப் பயிர் எடுப்பதும் பயன் தரும்.

முழு முதிர்ச்சியை உறுதிசெய்ய, கதிரின் நடுப்பகுதியிலிருந்து சில மணிகளை எடுத்து, கதிரோடு ஒட்டியிருந்த அடி நுனியைக் கிள்ளிப் பாருங்கள். அங்கே கறுப்பான ஓர் ஏடு தெரிந்தால் கதிருக்கும் மணிக்கும் இடையிலான வழி மூடிவிட்டது. அதற்குப் பின் கொடுக்கும் தண்ணீர் ஒரு கிராம் எடையையும் கூட்டாது. அந்த நிலையில் மணியில் இன்னும் 30 முதல் 35 சதவீதம் வரை ஈரம் இருக்கும் என்பதால், உடனே அறுத்துக் குவிக்காமல் செடியிலேயே சில நாள் காய விடுங்கள்.